அண்ணியின் வண்டிக்குக் காற்றடித்த கதை

டயர்காரர் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் சக்கரத்தைத்தான் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கிற கார்களை ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். எதிலாவது காற்று இறங்கியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. வண்டிக்காரரைத் தேடிப் பிடித்து, காதில் போட்டுவிட்டு வந்தால்தான் மனசு ஆறும். இருபத்திரண்டு வருஷமாகக் காற்றடித்துப் பழகிய கை அது.

அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய அண்ணி தன் வண்டியை ஒப்படைத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அண்ணிக்கு வேலை ஆஸ்பத்திரியில். எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுவார். நீளமான தாழ்வாரத்தின் கடைசி அறை. ஒரு ஜன்னல், ஒரு எவர்சில்வர் தொட்டி, அலமாரி நிறைய வெள்ளைச் சுருள்கள். தரையெல்லாம் வெள்ளைக் காலடித் தடங்கள். எவ்வளவு துடைத்தாலும் மறுநாள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பார். குமிழி வரும். கடைசிக் குமிழி அடங்குகிற வரைக்கும் வெளியே எடுக்க மாட்டார், வெளியே யார் அலறிக்கொண்டிருந்தாலும் சரி. சுற்றிய கட்டை உள்ளங்கையால்தான் தடவ வேண்டும். விரல் நுனி பட்டால் அந்தப் பள்ளம் அப்படியே இறுகி உள்ளே தோலைத் தின்னும். புதிதாகச் சேர்ந்தவர்கள் மறந்து விரலை வைத்துவிட்டால் "எடு விரலை" என்பார். அவ்வளவுதான். அதற்கே அவர்கள் ஒரு வாரம் விரலை மடக்கிக்கொண்டு நடப்பார்கள்.

டயர்காரர் கடையிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. டியூபை அமுக்கி, குமிழி கிளம்புகிற இடத்தில்தான் ஓட்டை என்று கண்டுபிடிப்பார். குமிழி வராதா என்று பார்க்கிறவர் ஒருத்தர், குமிழி நிற்காதா என்று பார்க்கிறவர் இன்னொருத்தர். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்குக் குமிழி சோறு போட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரே மாதத்தில் நாலு பேர் மணிக்கட்டு உடைந்து அண்ணியின் அறைக்கு வந்தார்கள். நாலு பேரும் ஒரே இடத்தில், ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் நின்றுபோன கல்குவாரியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவர்கள். நாலாவது ஆளிடம் அண்ணி கேட்டுவிட்டார்.

"என்ன, ரேஸா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரேஸ் இல்லீங்க, ட்ரயல்ஸ். நடந்து போறதைவிட மெதுவாப் போவோம்."

"மெதுவாப் போயா இந்தக் கை இப்படி ஆச்சு?"

ஒடிந்த கையை நீட்டியபடியே அவர் விளக்கினார். பாறை, மரக்கட்டை, சேறு, சரிவு. இரண்டு பக்கமும் நாடா கட்டியிருக்கும். அதற்கு நடுவில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போய் வெளியே வர வேண்டும். அப்படி ஒரு துண்டுக்கு செக்‌ஷன் என்று பெயர். ஒருமுறை கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி. விழுந்தாலோ நாடாவைத் தாண்டினாலோ ஒரேயடியாக ஐந்து. கால் படாமலே வந்துவிட்டால் சைபர், அதுதான் க்ளீன். எல்லா செக்‌ஷனும் முடிந்த பிறகு யார் கையில் புள்ளி குறைவாக இருக்கிறதோ அவர்தான் ஜெயித்தவர்.

அண்ணி அடுத்த ஞாயிற்றுக்கிழமை குவாரிக்குப் போனார். எப்படி விழுகிறார்கள் என்று பார்க்கத்தான் போனதாகச் சொல்வார். நாலு ஞாயிறு ஒரே பாறையில் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாவது ஞாயிறு, அந்த நாலாவது ஆளின் வண்டியையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனைவி, இனி இந்த வண்டி வீட்டில் இருந்தால் நான் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அப்போது அண்ணிக்கு வயது முப்பத்தேழு.

வாசலில் நின்ற வண்டியை அண்ணன் இரண்டு தடவை சுற்றி வந்தார். அண்ணன் பஸ் கண்டக்டர். எதைப் பார்த்தாலும் எத்தனை பேர் உட்காரலாம் என்றுதான் கணக்குப் போடுவார்.

"என்னம்மா இது, சீட்டே இல்ல. உக்கார எடமில்லாத வண்டியில எங்க போறது?"

"எங்கயும் போறதுக்கு இல்லங்க."

அது உண்மைதான். முதல் மூன்று மாதம் அந்த வண்டி எங்கேயும் போகவில்லை. சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடுகிற இடத்தில், இன்ஜினைக் கிளப்பாமலே அண்ணி அதன்மேல் ஏறி நிற்பார். கால் இரண்டும் கால்தாங்கியில், கை இரண்டும் ஹேண்டில்பாரில். வண்டி அசையக் கூடாது, கால் இறங்கக் கூடாது. முதலில் மூன்று விநாடி. அப்புறம் பத்து. பிறகு வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றை ஆரம்பித்து நிறுத்துகிற வரைக்கும். மொட்டை மாடியிலிருந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனிடம் ரகசியமாகக் கேட்டார், "வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

எலும்பு டாக்டரும் கிண்டலடித்தார். "நாளைக்கு உனக்கு யாரும்மா கட்டுப் போடுவா?"

"இடது கைன்னா நானே போட்டுக்குவேன் டாக்டர்."

இரண்டாம் வருஷம் இடது கைதான் உடைந்தது. சொன்னது போலவே வலது கையால் போட்டுக்கொண்டார். அந்தக் கட்டைப் பார்க்க மற்ற வார்டுகளிலிருந்து ஆட்கள் வந்துபோனார்கள்.

குவாரியில் அவருக்கு 'மாவுக்கட்டு அக்கா' என்று பெயர் வந்தது. அவருக்கு நேர் எதிர், 'தவளை' என்கிற இளைஞன். பகலில் கொரியர் கம்பெனியில் பார்சல் கொடுப்பவன். தவளையின் வண்டி புதுசு, டூ-ஸ்ட்ரோக், பஞ்சு மாதிரி லேசு. ஆக்ஸிலேட்டரைச் சுண்டினால் எகிறும். அவன் பாறைமேல் வண்டியை நிறுத்தி, பிரேக்கைப் பிடித்து, பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டு நின்ற இடத்திலேயே திருப்புவான். பார்க்கக் கண் கொள்ளாது. அண்ணியின் வண்டி பழைய ஃபோர்-ஸ்ட்ரோக். இன்ஜினுக்குள் சுழலுகிற சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் இரும்பைச் சேர்க்கச் சொல்லி லேத்காரரிடம் கொடுத்து, கனத்தைக் கூட்டி வைத்திருந்தார், அவசரப்படாமல் இழுக்கட்டும் என்று.

"உங்க வண்டி எருமைக்கா."

"எருமை சேத்துல வழுக்காது தம்பி."

"குதிச்சாத்தான்கா பாறையில வளைக்க முடியும். உருட்டிக்கிட்டே போனா எப்படி?"

"நீ பத்து தடவ குதிக்கிறே. பத்து தடவ இறங்கணும்ல. நான் ஒரு தடவகூட இறங்கறதில்ல. நின்னா யோசிக்கத் தோணும், யோசிச்சா கால் கீழ வந்துரும்."

கனம் குறைக்கிறேன் என்று தவளை சைடு ஸ்டாண்டைக்கூடக் கழற்றிவிட்டான். காலில் மெல்லிய ஷூதான். அண்ணி முழங்கால் வரை வருகிற கெட்டி பூட்ஸ். "கணுக்கால் போனா எத்தன வாரம்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். இந்தச் சண்டை ஞாயிறு தவறாமல் நடந்தது. இரண்டு பேருக்கும் அது இல்லாமல் டீ இறங்காது.

வருஷத்துக்கு ஒருமுறை, கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில் பெரிய போட்டி நடக்கும். பல ஊர்க் குழுக்கள் வரும். குவாரிக் குழுவிலிருந்து நாலு பேர்தான் போகலாம். அந்த நாலு பேர் யார் என்று முடிவு செய்ய ஒரு ஞாயிறு, பத்து செக்‌ஷன். அண்ணி மூன்று வருஷமாக ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தார். முதல் மூன்று இடத்துக்காரர்களை அசைக்க முடியாது. நாலாவது இடம் அண்ணிக்கா தவளைக்கா என்பதுதான் கேள்வி. தவளை மாதத்துக்கு மாதம் தேறிக்கொண்டிருந்தான். அண்ணிக்கு நாற்பத்து மூன்று முடிந்திருந்தது. இந்த வருஷம் விட்டால் அப்புறம் எட்டாது என்று அவருக்கே தெரியும். வெளியே சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் ஒரு தடவைகூட "எடு விரலை" என்று சொல்லாததிலிருந்து அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

வழக்கமாக வண்டியை ஏற்றிக்கொண்டு போவது அண்ணன். அந்த ஞாயிறு அவருக்கு டூட்டி போட்டுவிட்டார்கள்.

"தம்பி, உங்க வேன்ல கொண்டு போய் விட முடியுமா?"

"என்ன அண்ணி கேள்வி இது. நான் வந்து கூடவே நிக்கிறேன்."

ஆறு வருஷத்தில் டயர்காரர் ஒரு போட்டியைக்கூடப் பார்த்ததில்லை. ஞாயிறுதான் கடையில் கூட்டம். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேனைப் பின்னால் எடுத்து நிறுத்துவதற்குள், அண்ணி அளவுகருவியை வைத்து இரண்டு டயரையும் சரிபார்த்துவிட்டு, கருவியைப் பத்திரமாக அலமாரியில் வைத்தார். வண்டி ராத்திரி கடையில் இருந்தது.

ஞாயிறு காலையில் ஷட்டரைத் தூக்கியதும் டயர்காரர் கண் எங்கே போகும்? பின் டயர் சப்பென்று உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார், ஒரு குமிழியும் இல்லை. ஊசிமுனை லீக்காக இருக்கும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, பின்னால் முப்பது, முன்னால் இருபத்தெட்டு அடித்தார். வால்வுக்குப் புதுசாக மஞ்சள் மூடி இரண்டு போட்டார். அண்ணியிடம் சொல்லவில்லை. போட்டியன்று மனசைக் குழப்பக் கூடாது என்கிற நல்லெண்ணம்.

நல்லெண்ணத்தோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சு சுவாரசியத்தில் குவாரிக்குத் திரும்புகிற முனையை விட்டுவிட்டு இரண்டு மைல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்கள். வண்டியை இறக்கும்போதே அண்ணியின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். குழுவை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர், கழுத்தில் விசில். அவர் விதிகளைக் கடகடவென்று படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு செக்‌ஷனுக்கு ஒண்ணரை நிமிஷம். நிக்கலாம், ஆனா கால் படக்கூடாது. ரெண்டு பேருக்குப் புள்ளி சமமா வந்தா, யாரு நிறைய செக்‌ஷன் க்ளீனா முடிச்சாங்களோ அவங்களுக்கு இடம். கேட்டுக்குங்க, அப்புறம் எங்கிட்ட வந்து வாயத் தொறக்காதீங்க."

"வாயத் தொறக்கச் சொல்றதுதானே டாக்டர் உங்க தொழிலு?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

அண்ணி எப்போதும் கிளம்புவதற்கு முன் டயரைக் கையால் அழுத்திப் பார்ப்பவர். அன்றைக்கு அதற்கு நேரமில்லை. ஹெல்மெட்டை மாட்டினார், போனார்.

முதல் செக்‌ஷன் ஈரப் பாறைகள். சுலபமானது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முன்சக்கரம் முதல் பாறையில் பட்டதும் பந்து மாதிரி எம்பியது. பின்சக்கரம் வெண்ணெயில் வைத்தது போல ஒரு பக்கமாகப் போனது. அண்ணியும் வண்டியும் நாடாவுக்கு வெளியே கிடந்தார்கள்.

"ஐந்து" என்றார் பல் டாக்டர்.

அண்ணி எழுந்தார். வண்டியை நிமிர்த்தி ஓரமாகக் கொண்டுவந்தார். மஞ்சள் மூடியை ஒரு கணம் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு டயரை அழுத்தினார்.

"வேன்ல வெயில் பட்டு ஏறிடுச்சு போல" என்றார் அண்ணி, பாதி தனக்குத்தானே.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். டயர்காரர் தலை ஆடத்தான் தொடங்கியது. ஆனால் வெயிலில் டயர் எவ்வளவு ஏறும் என்று இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்த வாய்க்கு அந்தப் பொய் வரவில்லை.

"நான்தான் அண்ணி. காலையில உக்காந்து கெடந்துச்சு. பஞ்சர்னு நெனச்சு..."

"எவ்வளவு?"

"முப்பது."

"முன்னாடியும் முப்பதா?"

"முன்னாடி இருபத்தெட்டு."

"பரவால்ல, அளவாத்தான் வெச்சிருக்கீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அதற்குள் தவளை முதல் செக்‌ஷனைக் க்ளீனாக முடித்துவிட்டு, பாறையின்மேல் ஒரு குதி கூடுதலாகவும் போட்டுக் காட்டினான்.

"எவ்வளவு இருக்கணும் அண்ணி?"

"பின்னாடி நாலு. முன்னாடி அஞ்சரை."

நாலு. டயர்காரர் கடையில் அந்த எண்ணுக்கு இடமே இல்லை. அவருடைய கேஜில் முள் பத்திலிருந்துதான் கிளம்பும். அண்ணியின் கருவியோ வீட்டு அலமாரியில்.

"நீங்களே எறக்குங்க" என்றார் அண்ணி.

டயர்காரர் குத்துக்காலிட்டு வால்வை அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு முகத்தில் அடித்தது. எத்தனையோ ஆயிரம் டயருக்குக் காற்று ஊட்டிய கை, எடுத்துப் பழக்கமில்லை.

"போதுமா அண்ணி?"

"இன்னும்."

"இப்ப?"

"இன்னும் எடுங்க தம்பி. டயர் அழாது, நீங்க அழாதீங்க."

கடைசியில் அண்ணியும் குனிந்து, உள்ளங்கையின் அடிப்பகுதியை டயரில் வைத்து அழுத்தினார். "மாவுக்கட்டு பாதி இறுகியிருக்கும், பாத்திருக்கீங்களா? அமுக்கினா உள்ள போகும், ஆனா எங்க போறோம்னு அதுக்குத் தெரியும். அந்தப் பதம்." டயர்காரர் அதே இடத்தில் தன் கையை வைத்தார். இன்னும் ஒரு மூச்சுக் காற்றை எடுத்தார். மறுபடி வைத்தார். தலையாட்டினார்.

தவளை நெருங்கி வந்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தான், முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்துவிட்டான். "எங்கிட்ட சின்ன கேஜ் இருக்குக்கா." வைத்துப் பார்த்தான். பின்னால் நாலு, முன்னால் அஞ்சரை. திரும்பவும் வைத்துப் பார்த்தான்.

"யாருக்கா இவரு?"

"என் கொழுந்தன். டயர்க்கடை."

அதன் பிறகுதான் டயர்காரர் அண்ணியைப் பார்த்தார். இத்தனை வருஷம் வீட்டில், வாசலில் பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது என்று தோன்றியது. ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் முன்னால் அண்ணி நடந்து போய்ப் பார்ப்பார். கற்களைத் தொட்டுப் பார்ப்பார், எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று எலும்பைத் தடவிப் பார்க்கிற அதே கை. வண்டியில் ஏறிய பிறகு யோசிப்பதே இல்லை. க்ளட்சில் ஒரு விரல், பிரேக்கில் ஒரு விரல். இன்ஜின் டக் டக் என்று எண்ணிக்கொண்டு வரும். முழங்கால் மடிந்து விரியும், இடுப்பு ஒரு பக்கம் போகும், வண்டி மறுபக்கம் போகும், இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு கோடு நேராக நின்றுகொண்டிருக்கும்.

டயர்காரர் கண் மட்டும் கீழேதான் இருந்தது. நாலாவது செக்‌ஷனில், கூர்மையான ஒரு விளிம்பில் ஏறும்போது, பின் டயர் அப்படியே மடிந்து கல்லைக் கவ்வியதைப் பார்த்தார். விரல் நுனியால் இல்லை, உள்ளங்கையால் பிடிப்பது போல. முப்பது வைத்த டயருக்கு உள்ளங்கை கிடையாது. இருபத்திரண்டு வருஷத்தில் இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை, ரோட்டில் அதற்கு அவசியமும் இல்லை. ஒவ்வொரு செக்‌ஷன் முடிந்ததும் ஓடிப்போய்க் கையை வைத்துப் பார்த்தார். பதம் மாறவில்லை.

இரண்டாவது க்ளீன். மூன்றாவது க்ளீன். சேற்றில் மற்றவர்கள் எல்லாம் கால் நனைத்த ஆறாவதும் க்ளீன். ஒன்பது முடிந்தபோது அண்ணியிடம் அந்த முதல் ஐந்தைத் தவிர வேறு புள்ளி இல்லை. தவளை நன்றாகத்தான் ஓட்டினான், ஆனால் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று நாலு செக்‌ஷனில் கால் ஊன்றி நாலு வைத்திருந்தான்.

பத்தாவது செக்‌ஷன் வாய்க்காலைத் தாண்டி மூன்று பெரும் பாறை. தவளை முதலில் போனான். குதித்து, திருப்பி, மறுபடி குதித்து, மூன்றாவது பாறையின் உச்சிவரை கால் படாமல் போனவன், இறங்குகிற இடத்தில் ஒரே ஒரு கணம் இடது காலை வைத்தான். வைத்ததே தெரியாது. ஆனால் அவனே கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினான். மொத்தம் ஐந்து.

இப்போது அண்ணிக்கு வழி ஒன்றுதான். கால் படாமல் வந்தால் புள்ளி சமம், க்ளீன் கணக்கில் இடம் அவருக்கு. ஒருமுறை பட்டால் நாலாம் வருஷமும் ஐந்தாவது.

முதல் பாறையில் உருண்டு வந்தது போல் ஏறி இறங்கினார். இரண்டாவது பாறையின் மேல் முன்சக்கரத்தை வைத்தபோது, அதன் தலையில் இருந்த பலகை மாதிரிக் கல் மெல்ல ஆட ஆரம்பித்தது. அண்ணி நின்றுவிட்டார். நிற்கவே மாட்டேன் என்கிறவர், பாதிப் பாறையில், வண்டியோடு சேர்ந்து நின்றுவிட்டார். கல் ஆடியது. ஹேண்டில்பார் மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம். வாய்க்கால் தண்ணீர் சத்தம் கேட்டது. பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டயர்காரர் எதையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் துணி காயப்போடுகிற இடமும், உள்ளே சுற்றுகிற வாஷிங் மெஷினும்தான் நினைவுக்கு வந்தன.

டக் டக் என்று இன்ஜின் மறுபடி எண்ணத் தொடங்கியபோது கண்ணைத் திறந்தார். அண்ணி மூன்றாவது பாறையின் மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு காலும் வண்டியில் இருந்தன.

"க்ளீன்" என்ற பல் டாக்டர் விசிலை ஊத மறந்துவிட்டார்.

தவளைதான் முதலில் போய்க் கையைக் கொடுத்தான். "நிக்க மாட்டேன்னு ஆறு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"கல்லு நிக்கட்டும்னு இருந்தேன் தம்பி."

நாலாவது இடத்தில் அண்ணியின் பெயரை எழுதிய பல் டாக்டர், பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். கடற்கரைப் போட்டிக்கு ஒவ்வொருவரோடும் ஒரு உதவியாள் போகலாம். யார்?

"அவரையே எழுதுங்க" என்றார் அண்ணி, கையை மட்டும் பின்னால் நீட்டி. டயர்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். அங்கே வேறு யாரும் இல்லை.

"அண்ணி, நான் போய்... அதுவும் இன்னிக்கு இப்படிப் பண்ணிட்டு..."

"கேஜ் இல்லாம நாலு வெக்கிற ஆளு வேற எங்க இருக்கு?"

திரும்பி வரும்போது அண்ணி முன்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். விரல் இடுக்குகளில் மாவுக்குப் பதில் இன்றைக்குச் சேறு. டயர்காரர் மெதுவாகத்தான் ஓட்டினார். பின்னால் வண்டி கயிற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பின் டயர் சப்பென்று உட்கார்ந்திருப்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. ஒரு தடவை பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்று ஓரமாக நிறுத்தி, கதவில் கையை வைத்தார்.

"தொடாதீங்க தம்பி" என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமலே.